கைமருவுக்குப் போடும் மருந்தை அங்கே போடாதீர்கள்

பாமசியில் விற்கும் மரு மருந்தே பாலுறுப்பு மருக்களுக்கும் போதும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அந்த வரி தவறு. கைகாலில் வரும் மருவுக்கான சாலிசிலிக் அமிலம் அந்த மெல்லிய தோலைப் பொசுக்கிப் புண்ணாக்கிவிடும்.

அங்கே போடுவதற்கென்றே வேறு மருந்துகள் உண்டு. பொடோபிலோடொக்ஸின் 0.5% திரவத்தைக் காலையும் மாலையும் 3 நாள் மருவின் மேல் மட்டும் தொட்டுவைத்து, 4 நாள் விடவேண்டும். இப்படி 4 சுற்று வரை செய்யலாம். சுற்றியுள்ள நல்ல தோலில் முன்கூட்டியே வாஸ்லின் பூசினால் எரிச்சல் குறையும். பலர் அவசரப்பட்டு அந்த 4 நாள் இடைவெளியை விட்டுவிடுவார்கள், பிறகு வெந்த தோலோடு வருவார்கள். கர்ப்பிணிகள் இதைத் தொடவே கூடாது. அவர்களுக்குத் திரவ நைதரசனால் உறையவைப்பது பாதுகாப்பானது.

மரு தட்டையாக, ஈரமாக இருந்தால் அது சிபிலிஸ் என்ற பாலியல் நோயாகவும் இருக்கலாம். ஆகவே இரத்தப் பரிசோதனை செய்யாமல் மருந்து தொடங்க வேண்டாம். கொழும்பு 10, டி சேரம் பிளேஸில் உள்ள அரச பாலியல் நோய்க் கிளினிக்கில் இலவசமாக, இரகசியமாகப் பார்ப்பார்கள்.

தொற்றி மாதக்கணக்கில் கழித்தும் மரு தலைகாட்டலாம். அதை வைத்துக் கணவனையோ மனைவியையோ சந்தேகிப்பது அநியாயம். ஆணுறை மூடாத தோலிலிருந்தும் இது பரவும். மருக்கள் இருக்கும்போது அந்த இடத்தைச் சவரம் செய்தால் இன்னும் பரவும்.

பெரும்பாலான மருக்களுக்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸின் 6, 11 வகைகள். 2017 முதல் பாடசாலையில் தரம் 6 மாணவிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடுகிறார்கள். சம்மதப் படிவம் வந்தால் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். ஏற்கெனவே வந்த மருவை அந்த ஊசி கரைக்காது.