மெக்டவல் கவுண்டியின் கரி யார் வீட்டுக்குப் போனது?

அமெரிக்க ஏழ்மையைப் பற்றி வீடியோ எடுப்பவர்கள் பலரும் கேமராவைத் தூக்கிக்கொண்டு மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் மெக்டவல் கவுண்டிக்குத்தான் போகிறார்கள். கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி; இது நிலக்கரிச் சுரங்கங்களை நம்பி வளர்ந்த ஒன்று. இடிந்த வீடு, போதை மாத்திரை, பின்னணியில் சோகக் கிட்டார். பார்த்துவிட்டு ஒருவர் தவறாமல் கேட்பார்: "இவங்க ஏன் வேற ஊருக்குப் போகக் கூடாது?"

போயாச்சு சாமி. 1950-இல் அங்கே 98,887 பேர். 2020-இல் 19,111.

"சுற்றுச்சூழல்காரங்க சுரங்கத்தை மூடினாங்க, ஊர் செத்துப்போச்சு" என்று இன்னொரு கதை. இதைக் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கரி நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே ஊர் காலியாக ஆரம்பித்துவிட்டது. 1950-இல் பெரிய சுரங்க முதலாளிகளும் ஜான் எல். லூயிஸ் தலைமையிலான சுரங்கத் தொழிலாளர் சங்கமும் உடன்பாட்டுக்கு வந்தார்கள்: இயந்திரம் வரட்டும், மிஞ்சுகிற ஆளுக்கு நல்ல கூலியும் மருத்துவ நிதியும் கிடைக்கட்டும். மிஞ்சாதவன் கதி? பத்தே வருடத்தில் மக்கள்தொகை 71,359. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை உருவானதே 1970-இல்தான்!

அந்த மண் யாருக்காக உருவானது என்பதற்கு ஊர்ப்பெயர்களே சாட்சி. கவுண்டியின் தலைநகர் வெல்ச், கரி நிலத்தை அளந்த ஐசாயா வெல்ச்சின் பெயர். கேரி என்ற ஊர், யு.எஸ். ஸ்டீல் தலைவர் எல்பர்ட் கேரியின் பெயர். கம்பெனி வீடு, கம்பெனிக் கடை, அந்தக் கடையில் மட்டும் செல்லுபடியாகும் கம்பெனி டோக்கன். எதிர்த்துப் பேசினால்? தொழிலாளர் பக்கம் நின்ற போலீஸ் தலைவர் சிட் ஹாட்ஃபீல்டை 1921 ஆகஸ்ட் 1 அன்று, பட்டப்பகலில், வெல்ச் நீதிமன்றப் படிக்கட்டிலேயே முதலாளிகளின் அடியாட்கள் சுட்டுக் கொன்றார்கள். பக்கத்தில் அவர் மனைவி. தண்டனை ஒருவருக்கும் இல்லை.

வீடியோக்காரர்கள் காட்டாத பக்கமும் உண்டு. தெற்கிலிருந்து வேலை தேடி வந்த கறுப்பினத்தவருக்கு இங்கே ஓட்டுரிமை இருந்தது. அமெரிக்காவிலேயே முதல் கறுப்பினப் பெண் சட்டமன்ற உறுப்பினர் மின்னி பக்கிங்காம் ஹார்ப்பர், இந்தக் கவுண்டியின் கீஸ்டோன்காரர். 1928-இல், கணவர் இறந்த இடத்துக்கு நியமிக்கப்பட்டவர். முதல் உலகப் போரில் பங்கெடுத்த கறுப்பின வீரர்களுக்கான நினைவுக் கட்டடம் கிம்பலில் அதே வருடம் எழும்பியது.

ஆனால் பணம் தங்கவில்லை. அதிபர் கென்னடியின் உணவு முத்திரை (ஏழைகள் கடையில் உணவு வாங்க அரசு தரும் கூப்பன்) சோதனைத் திட்டத்தில் முதல் முத்திரை 1961 மே 29 அன்று இந்தக் கவுண்டியில்தான் கைமாறியது. வாங்கியவர், வேலை போன ஒரு சுரங்கத் தொழிலாளி. வீட்டில் பதினைந்து பேர். வெல்ச் கடையில் எடுத்த முதல் பொருள், பன்றி இறைச்சி போட்ட பீன்ஸ் டின். நாட்டின் உருக்காலைகளுக்கே எரியக் கரி கொடுத்த ஊர்!

1986-இல் யு.எஸ். ஸ்டீல் கேரி சுரங்கங்களை மூடியது. 2016-இல் கிம்பல் வால்மார்ட்டும் கடையைக் கட்டியது. நிலத்தில் பெரும்பங்கு மட்டும் இன்றும் வெளியூர்க் கம்பெனிகளின் பேரில்தான் இருக்கிறது. "ஏன் ஊரை விட்டுப் போகல" என்று அவர்களிடம் மட்டும் யாரும் கேட்பதில்லை.