பழைய வேலையிடத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டீர்களா?

பள்ளிக்கூடம், டியூஷன், விளையாட்டுப் பயிற்சி, விடுதி என்று குழந்தைகள் இருக்கும் எந்த இடத்திலும் புதிதாக ஆள் சேர்க்கும்போது “பின்னணி பார்த்தாச்சா?” என்று கேட்டுப் பாருங்கள். “போலீஸ் சான்றிதழ் வாங்கியாச்சு” என்பார்கள். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

அந்தச் சான்றிதழ் கண்டிப்பாக வேண்டும். ஆனால் இந்தப் பெயரில், இந்தத் தேதி வரை, இந்தப் பதிவேட்டில் எதுவும் இல்லை என்பதைத் தாண்டி அது எதையும் சொல்லாது. குழந்தைகளிடம் அத்துமீறுபவர்களில் பெரும்பாலோர் மீது வழக்கே பதிவாவதில்லை. பதிவாகாதது சான்றிதழில் எப்படி வரும்?

இங்கிலாந்தின் சோஹம் ஊரில் 2002 ஆகஸ்டில் 10 வயதுச் சிறுமிகள் இருவரைக் கொன்ற இயன் ஹன்ட்லி, அவ்வூர் மேல்நிலைப் பள்ளி ஒன்றின் பராமரிப்புப் பணியாளர். வேறொரு பகுதியில் 1995 முதல் 1999 வரை அவர் மீது பாலியல் புகார்கள் அடுத்தடுத்து வந்திருந்தன. எதிலும் தண்டனை இல்லை. பள்ளி வேலைக்கு அவர் கொடுத்த பெயரோ நிக்சன். காவல்துறை அந்தப் பெயரை மட்டும் தேடியது, ஹன்ட்லி என்ற பெயரைத் தேடவே இல்லை. இதையெல்லாம் விசாரித்த பிச்சார்ட் குழுவின் அறிக்கை 2004-இல் வெளிவந்தது. அந்நாட்டின் பின்னணிச் சோதனை முறை மாறியதற்கு அந்த அறிக்கை முக்கியக் காரணம்.

அதனால் முதல் வேலை பெயரைச் சரிபார்ப்பது. இதுவரை பயன்படுத்திய எல்லாப் பெயர்களையும், திருமணத்துக்கு முந்தைய பெயர், மாற்றிய பெயர், எழுத்து மாறிய பெயர் உட்பட, எழுதி வாங்குங்கள். குறைந்தது 5 வருட முகவரிகளும் வேண்டும். வெளிநாட்டில் இருந்தவரென்றால் அந்த நாட்டுச் சான்றிதழும் வேண்டும். நகலை ஏற்காதீர்கள். அசலைப் பார்த்து, அதிலுள்ள எண்ணை, சான்றிதழ் கொடுத்த அலுவலகத்திலேயே சரிபாருங்கள்.

அடுத்தது வேலை வரலாறு. வருடம் மட்டும் போட்டால் இடைவெளி மறைந்துவிடும். “2019 – 2020” என்பது இரண்டு வருடமாகவும் இருக்கலாம், இரண்டே மாதமாகவும் இருக்கலாம். எனவே மாதமும் வருடமும் சேர்த்துக் கேளுங்கள். இடைவெளி இருப்பது குற்றமில்லை. பிள்ளைப்பேறு, நோய், படிப்பு என்று நூறு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தைச் சரிபார்க்க முடிகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். குழந்தைகளோடு பார்த்த வேலையைத் திடீரென விட்டுவிட்டு, ஊர் மாறி, மறுபடி அதே வேலைக்கு வருபவரிடம் கூடுதலாகக் கேளுங்கள்.

இனி நம்மில் பலரும் தட்டிக்கழிக்கிற இடத்துக்கு வருகிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் விசாரிப்பது.

விண்ணப்பதாரர் கையில் கொண்டுவரும் “சம்பந்தப்பட்டவர்களுக்கு” என்று தொடங்கும் நன்னடத்தைக் கடிதத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். புகார் வந்தவரை “பேர் கெட வேண்டாம், நீயே விலகிக்கொள்” என்று நல்ல கடிதத்தோடு அனுப்பிவிடும் நிறுவனங்கள் உலகம் முழுக்க உண்டு. அடுத்த பள்ளிக்கூடத்துக் குழந்தைகள் தலையில் அது விடிகிறது. அமெரிக்காவில் 2015-இல் வந்த கூட்டாட்சிக் கல்விச் சட்டத்தில், குழந்தைகளிடம் பாலியல் ரீதியாகத் தவறு செய்தவர் புது வேலை தேட உதவக் கூடாது என்று ஒரு பிரிவே சேர்க்க வேண்டியிருந்தது.

ஆகவே போனை எடுங்கள். விண்ணப்பத்தில் இருக்கும் எண்ணுக்கு அடிக்காமல் அந்த நிறுவனத்தின் பொது எண்ணை நீங்களே தேடி அழைத்து, பொறுப்பில் இருப்பவரிடம் பேசுங்கள். கடைசியாக வேலை பார்த்த இடம் ஒன்று, கடைசியாகக் குழந்தைகளோடு வேலை பார்த்த இடம் ஒன்று, இரண்டையும் விசாரியுங்கள். “ஆள் எப்படி?” என்று கேட்டால் “நல்ல மனுஷன்” என்றுதான் வரும். கேள்விகள் நேராக இருக்கட்டும்: “குழந்தைகளிடம் இவர் நடந்துகொண்ட விதம் பற்றி, நிரூபணம் ஆகாவிட்டாலும், புகார் எதுவும் வந்ததா? விலகியபோது விசாரணை ஏதாவது நடந்துகொண்டிருந்ததா? உங்கள் இடத்தில் மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா?” கடைசிக் கேள்விக்கு எதிர்முனையில் தயக்கம் வந்தால் ஏன் என்று கேளுங்கள். பேசியவர் பெயர், தேதி, சொன்ன பதில் மூன்றையும் அப்போதே குறித்துவையுங்கள்.

பழைய வழக்கு எது இருந்தாலும் கதவைச் சாத்திவிட வேண்டும் என்பது என் கருத்தில்லை. இருபது வயதில் போட்ட அடிதடி வழக்கும் குழந்தைக்கு எதிரான குற்றமும் ஒன்றாகாது. என்ன குற்றம், எப்போது நடந்தது, இந்த வேலையோடு என்ன தொடர்பு என்று பார்த்து, இரண்டு பேராவது சேர்ந்து எழுத்தில் முடிவெடுங்கள். குழந்தைக்கு எதிரான குற்றம் என்றால் யோசிக்கவே வேண்டாம், எடுக்கக் கூடாது.

முறை இருந்தும் கோட்டை விடுவது பெரும்பாலும் அவசரத்தில்தான். “திங்கட்கிழமை சேரட்டும், பேப்பர் பின்னாடி வரும்” என்பார்கள். பேப்பர் வராது, ஆளும் நிலைத்துவிடுவார். சோதனை முடியும்வரை குழந்தைகளோடு வேலை கிடையாது என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். வேன் ஓட்டுநர், சமையல் உதவியாளர், வார இறுதிப் பயிற்சியாளர், தன்னார்வலர் எல்லோருக்கும் இது பொருந்தும். ஒப்பந்த நிறுவனம் அனுப்பிய ஆள் என்றால் “அவர்கள் பார்த்திருப்பார்கள்” என்று விடாமல் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சேர்த்த பிறகும் மூன்று வருடத்துக்கு ஒருமுறையாவது சான்றிதழைப் புதுப்பியுங்கள். யாராக இருந்தாலும் மூடிய அறையில் ஒரு குழந்தையோடு தனியாக இருக்கக் கூடாது, குழந்தைகளோடு தனிப்பட்ட வாட்ஸ்அப் உரையாடல் கூடாது என்று முதல் நாளே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சோதனையில் தப்பியவரைப் பிடிக்க இந்த விதிகள்தான் மிச்சம். விதியைச் சின்னச் சின்னதாக மீறிப் பார்ப்பவரைச் சக ஊழியர்கள்தான் முதலில் கவனிப்பார்கள். அவர்கள் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதைப் பெயரோடும் எண்ணோடும் சுவரில் ஒட்டிவையுங்கள். அந்தப் பொறுப்பாளர் மீதே புகார் என்றால் யாரிடம் போவது என்ற இரண்டாவது பெயரும் அதே தாளில் இருக்கட்டும்.