2021க்கு முன்பே வீட்டுக்கு நர்ஸ் வந்துகொண்டிருக்கிறார்
வீடு தேடிப் போய்ச் சிகிச்சை தருவதை 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாகத் தமிழ்நாடுதான் நாட்டிலேயே முதலில் தொடங்கியது என்று நான் படித்த கட்டுரையில் இருப்பது சரியில்லை. கேரளா 2008லேயே வலி தணிப்புச் சிகிச்சைக்கு (தீராத நோயாளிகளையும் படுத்த படுக்கையாக இருப்பவர்களையும் பராமரிப்பது) கொள்கை அறிவித்துவிட்டது, பஞ்சாயத்து நிதியில் நர்ஸ் வைத்து, ஆஷா என்ற ஊர்ச் சுகாதாரப் பணியாளரையும் கூட்டிக்கொண்டு வீடுவீடாக அனுப்புகிறார்கள். நாங்கள் கேரளாவில் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் இருக்கும் தமிழ்க் குடும்பம். பக்கவாதத்தில் படுத்துவிட்ட என் மாமியாருக்கு மூத்திரக் குழாய் மாற்றுவது, படுக்கைப் புண்ணைச் சுத்தம் செய்து கட்டுவது எல்லாம் அந்த நர்ஸ்தான், ஒரு பைசா வாங்கியதில்லை, புண் வராமல் எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது என்று எனக்கும் பொறுமையாகக் காட்டிக் கொடுத்தார். அதற்காகத் தமிழ்நாட்டுத் திட்டத்தைக் குறைத்துச் சொல்லவில்லை, மாநில எல்லையில் உள்ள கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் இருக்கும் என் அண்ணனுக்கு சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் மாத்திரை கொடுப்பதெல்லாம் மருத்துவமா என்று கேட்டிருக்கிறார். ஐயா, பிரஷர் மாத்திரையைப் பாதியில் நிறுத்திய பிறகுதான் என் மாமியார் விழுந்தார். எங்கள் பக்கத்துக் குறை வேறு: பஞ்சாயத்து முழுக்க ஒரே நர்ஸ், அவர் லீவில் இருக்கும் நாளில் குழாய் அடைத்துக்கொண்டால் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இன்னொரு நர்ஸ் போடச் சொல்லி அடுத்த கிராம சபையில் கேட்கப் போகிறோம்.