உதவி வாங்கிய வீட்டில் கேக் வெட்டக்கூடாதாம்

இதைப் பற்றி எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். நேற்று ராத்திரி அந்த அக்கா போட்ட விளக்கத்தைப் படித்த பிறகு முடியவில்லை.

கணவரின் டயாலிசிஸ் செலவுக்கு இங்கே பணம் திரட்டியவர் அவர். பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஹோட்டலில் கேக் வெட்டிய படத்தைப் போட்டார், உதவி வாங்கியவருக்கு இதெல்லாம் எதற்கு என்று பிடித்துக்கொண்டார்கள். யாரைச் சொல்கிறேன் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். பெயர் சொல்லப் போவதில்லை, ஏற்கெனவே தெருவுக்கு இழுத்தாகிவிட்டது. படத்தையும் போட மாட்டேன். வேண்டுமென்றால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சுற்றவிட்டவர்களிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பத்திரமாகத்தான் வைத்திருப்பார்கள்.

என்ன விளக்கம் தெரியுமா? கேக் தம்பி வாங்கிக் கொடுத்தது, அரை கிலோதான். ஹோட்டல் பில்லையும் தம்பியே கொடுத்துவிட்டார். பிள்ளை போட்டிருக்கும் கவுன் போன வருஷத்துது, இடுப்பில் தையலைப் பிரித்துவிட்டது. காதில் கிடக்கும் தோடு கவரிங். இத்தனையும் வரிசையாக எழுதிவிட்டு, "யார் மனசாவது புண்பட்டிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று முடித்திருக்கிறார். பெற்ற பிள்ளைக்குப் பிறந்தநாள் கொண்டாடியதற்கு மன்னிப்பு. கணவருக்கு டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கும்போது பல் தெரியச் சிரித்ததற்கு மன்னிப்பு.

தோடு கவரிங் என்று ஒரு பெண்ணை நாலு பேர் முன்னால் சொல்ல வைத்துவிட்டீர்கள். திருப்திதானே?

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். காசில்லாதவர் நம் முன்னால் அழலாம், கையேந்தலாம், ஆஸ்பத்திரிப் படுக்கையில் ஊசி ஏறிய கையோடு படம் போடலாம். அதற்கெல்லாம் இதயக்குறி போடுவோம், "மனசு வலிக்குது" என்று எழுதுவோம். அவரே ஒருநாள் சிரித்தால் மட்டும் பில்லை எடுத்து வா என்போம்.

ஸ்கிரீன்ஷாட்டை முதலில் பகிர்ந்த நண்பர் போன மாதம் என்ன எழுதினார் என்று போய்ப் பாருங்கள். பணத்தால் நிம்மதியை வாங்க முடியாதாம், எளிமையே இன்பமாம். அப்படியானால் அரை கிலோ கேக்கில் அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்த இன்பம் எளிமைக் கணக்கில் வராதா? ஏசி அறையில் உட்கார்ந்து சாப்பிட்டதால் சேராது போலிருக்கிறது.

சரி, கேள்விகளுக்கு வருகிறேன். கமெண்டில் வரத்தான் போகிறது.

"கொடுத்தவனுக்குக் கேட்க உரிமை இல்லையா?" இருக்கிறது. கேட்டீர்கள், பதிலும் வந்தது. திரட்டிய பணம் எவ்வளவு, எங்கே போனது, மருந்துக்கடை ரசீது வரை அந்த அக்காவே பதிவில் போட்டிருக்கிறார். அதற்கு எத்தனை பேர் லைக் போட்டீர்கள்? கேக் படத்தைப் பெரிதாக்கி நெய்ல் பாலிஷ் வரைக்கும் பார்த்த கண்ணுக்கு ரசீது மட்டும் தெரியவில்லை.

"முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதே, அப்புறம் எதற்கு வசூல்?" என்று ஒருவர். ஐயா, டயாலிசிஸ் என்பது ஒருநாள் ஊசி இல்லை. வாரத்துக்கு இரண்டு, மூன்று தடவை போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் இயந்திரத்தில் நாலு மணி நேரம் படுக்க வேண்டும். காப்பீடு சிகிச்சைக்குக் கொடுக்கும். ஆட்டோவுக்குக் கொடுக்குமா? கூடவே போய் வராண்டாவில் உட்கார்ந்திருக்கும் மனைவியின் போன கூலியைக் கொடுக்குமா? வேலை பார்த்துக்கொண்டிருந்த மனிதர் படுத்துவிட்டார், அவர் சம்பளத்தை யார் கொடுப்பார்கள்? அதற்குத்தான் வசூல்.

"மோசடி வசூலும் நடக்கிறதே?" நடக்கிறது. அவர்களைப் பிடியுங்கள், நானும் வருகிறேன். இந்தப் பிள்ளையை விடுங்கள்.

எங்கள் வீட்டுக் கதை ஒன்று சொல்கிறேன். இதுவரை இங்கே எழுதியதில்லை. அம்மாவுக்கு முகநூல் கிடையாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

அருப்புக்கோட்டையில் அப்பா ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். சைக்கிளில் போனவரை ஒரு வேன் இடித்து, கால் முறிந்து படுத்துவிட்டார். கடையில் சம்பளத்தை நிறுத்திவிட்டார்கள். அப்போது பெரியப்பாதான் பணம் கொடுத்தார். பத்திரம் கேட்கவில்லை, வட்டி கேட்கவில்லை. நல்ல மனுஷன், அதை இன்றைக்கும் மறுக்க மாட்டேன். ஆனால் அன்றிலிருந்து பெரியம்மாவுக்கு எங்கள் அடுப்படியில் ஒரு பாத்தியதை வந்துவிட்டது. பின்வாசல் வழியாக வருவார். பேச்சு ஒரு பக்கம் நடக்கும், கை தானாகச் சட்டியின் மூடியைத் தூக்கும். "என்ன புள்ள, முட்டக் கொழம்பா? பரவால்லயே." அந்தப் 'பரவால்லயே'வுக்கு அப்புறம் அம்மா சாப்பிட உட்கார மாட்டார்.

அதனால் எங்கள் வீட்டில் கறி எடுப்பது திருட்டு வேலை மாதிரி நடக்கும். அப்பா மஞ்சப்பையின் அடியில் அரைக்கிலோவை வைத்து, மேலே அகத்திக்கீரைக் கட்டைப் போட்டுக்கொண்டு வருவார். அம்மா அடுப்படி ஜன்னலைச் சாத்திவிட்டு ஊதுபத்தி கொளுத்துவார். சாமிக்கு இல்லை, மசாலா வாசத்துக்கு. சாப்பிட்டு முடித்ததும் எலும்பையெல்லாம் பேப்பரில் சுருட்டி என்னிடம் கொடுப்பார்கள். வாசல் குப்பையில் எலும்பு கிடந்தால் தெரிந்துவிடும் என்று, நான் அதைக் கண்மாய்க் கரை வரைக்கும் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருவேன். எல்லா வீட்டிலும் எலும்பைக் கண்மாய்க்குத்தான் கொண்டுபோவார்கள் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்றைக்கு என் சம்பளத்தில் கறி எடுக்கிறேன், ஒருத்தருக்கும் பத்து பைசா தர வேண்டியதில்லை. குக்கரை ஏற்றினால் கை தானாக ஜன்னலைச் சாத்தப் போகிறது. கணவர் சிரிக்கிறார். அவர் வீட்டில் யாரும் மூடியைத் தூக்கிப் பார்த்ததில்லை.

இப்போது புரிகிறதா எனக்கு ஏன் இவ்வளவு எரிச்சல் என்று? புரியாவிட்டாலும் பரவாயில்லை.

இன்னொன்றையும் யோசியுங்கள். சிரிப்பு இமோஜி போட்டவர்களில் பாதிப் பேருக்கு வீட்டுக்கடன் இருக்கும். கார் கடன் இருக்கும். இருபது வருஷத் தவணை ஓடிக்கொண்டிருக்கும்போதே கொடைக்கானல் போகிறீர்கள், படகில் நின்று படம் போடுகிறீர்கள். உங்கள் வங்கி மேலாளர் வந்து "என்ன சார், அசல் அப்படியே நிற்கிறது, படகுச் சவாரி கேட்கிறதா?" என்று கமெண்ட் போட்டாரா? மாட்டார். வங்கியில் வாங்கினால் அது ஈஎம்ஐ, சம்பளச் சீட்டு இருப்பவருக்குத்தான் கிடைக்கும், அதனால் கௌரவம். மனுஷரிடம் வாங்கினால் தலை குனிந்து நடக்க வேண்டும். வசதி இருப்பவரின் கடனுக்குக் கண்காணிப்பு கிடையாது. காசில்லாதவரின் கேக்குக்கு உண்டு.

உடனே ஒரு அறிவாளி வருவார். "ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்த ரகுராம் ராஜனே சொல்லவில்லையா, கடனை வைத்துக்கொண்டு பிறந்தநாள் கொண்டாடுவது தப்பு என்று?" சொன்னார். யாரைப் பற்றி? 2015 டிசம்பரில் விஜய் மல்லையா கோவாவில் 60ஆவது பிறந்தநாளைத் தடபுடலாகக் கொண்டாடினார். வங்கிகளுக்கு வர வேண்டியது வட்டியோடு சேர்த்து 9,000 கோடி ரூபாய் அளவுக்கு நின்றது. அவருடைய கிங்ஃபிஷர் விமான நிறுவனம் 2012 அக்டோபரிலேயே பறப்பதை நிறுத்திவிட்டது, ஊழியர்களுக்குச் சம்பள பாக்கி. அந்தப் பிறந்தநாளுக்கு அடுத்த மாதம் ராஜன் பேசினார். 2016 மார்ச்சில் மல்லையா லண்டன் போய்விட்டார். அந்தக் கொண்டாட்டத்தையும் இந்த அரை கிலோவையும் ஒரே தராசில் வைக்கத் தோன்றினால், உங்களோடு பேச எனக்கு எதுவும் இல்லை. இதில் ஒரு வேடிக்கை, மல்லையா விருந்துக்கு எத்தனை பெரிய மனிதர்கள் போனார்கள்! அவர்களில் யாரும் மூடியைத் தூக்கிப் பார்க்கவில்லை.

இந்தப் புத்தி இன்றைக்கு வந்ததில்லை. 2023 செப்டம்பர் 15ஆம் தேதி காஞ்சிபுரத்தில் மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கினார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். அந்த வாரமே வாட்ஸ்அப்பில் ஜோக் வந்துவிட்டது. ஆயிரம் ரூபாய் வந்ததும் பியூட்டி பார்லர் போகிறாளாம், பிரியாணி சாப்பிடுகிறாளாம். போகட்டுமே, சாப்பிடட்டுமே! ஆயிரம் ரூபாயில் அரிசி மட்டும்தான் வாங்க வேண்டும் என்று எந்த அரசாணையில் இருக்கிறது? திட்டத்தின் பெயரிலேயே 'உரிமை' என்று போட்டிருக்கிறார்கள், அதையாவது படித்தீர்களா?

2019இல் பொருளாதார நோபல் வாங்கிய அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் 2007இலேயே ஒரு கட்டுரையில் எழுதினார்கள். ராஜஸ்தானில் உதய்ப்பூர்ப் பக்கம் பரம ஏழைக் குடும்பங்களின் செலவைப் பார்த்திருக்கிறார்கள். அந்த ஏழைக் குடும்பங்களின் வரிசையில் நடுவில் நிற்கும் குடும்பம் வருஷச் செலவில் 10 சதவீதத்தைத் திருவிழாவுக்கு ஒதுக்கியிருந்தது. வயிறு நிறையாத வீட்டிலும் திருவிழாவுக்கு ஒரு பங்கு உண்டு. இதைப் படித்து ஆச்சரியப்படுகிறவர் ஒருநாளும் காசில்லாமல் இருந்திருக்க மாட்டார். இருக்கிற நாள் எல்லாம் இருமலும் தவணையுமாகப் போகும்போது, பிள்ளைக்கு ஒரு நாள் வேண்டாமா?

"எல்லாம் சரி, ஆனால் படத்தை ஏன் போட வேண்டும்? கொஞ்சம் புத்தி வேண்டாமா?" என்று ஒரு தோழி உள்பெட்டியில் கேட்டார். நல்ல மனதோடு கேட்டதாகவே எடுத்துக்கொள்கிறேன். புத்தியைப் பற்றியும் ஓர் ஆய்வு இருக்கிறது, அதுவும் நம்ம ஊரில் நடந்தது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் கரும்பு விவசாயிகள் 464 பேரை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். 2013இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. அறுவடைக்கு முன்னால் நூற்றில் 78 பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். கரும்புப் பணம் வந்த பிறகு 4 பேர். அதே ஆள்தான், ஆனால் கையில் பணமில்லாத நேரத்தில் அறிவுச் சோதனையில் குறைவாக வாங்கினார், பணம் வந்ததும் கூடுதலாக வாங்கினார். கடன் கவலை தலைக்குள் அவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்கிறது. அந்த அக்கா வாரம் முழுக்க எதையெல்லாம் யோசிக்கிறார்? மருந்து, ஆட்டோ, பள்ளிக்கூடக் கட்டணம், அடுத்த டயாலிசிஸ். இதற்கு நடுவில், படம் போட்டால் யார் யார் என்ன நினைப்பார்கள் என்றும் அவரே யோசிக்க வேண்டுமா? கண்ணை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளும் வேலையை நீங்கள் செய்யக்கூடாதா?

பெரியப்பா கதையை முடிக்கவில்லை. கடைசித் தவணையை அப்பா தேங்காய் பழத்தோடு தட்டில் வைத்துக் கொடுத்தார். அதோடு முடிந்தது என்று நினைத்தோம். பல வருஷம் கழித்து அக்கா கல்யாணத்தில், பந்தியில் உட்கார்ந்துகொண்டு, சம்பந்தி வீட்டுக்காரர்கள் காதில் விழும்படி பெரியம்மா சொன்னார்: "அன்னைக்கி நாங்க மட்டும் குடுக்கலேன்னா இந்தக் குடும்பம் எங்க இருந்திருக்கும்?" அப்பா சாம்பார் வாளியோடு நின்றவர் அப்படியே அடுத்த இலைக்கு நகர்ந்துவிட்டார். பணம் திரும்பிப் போய்விட்டது, கொடுத்த பெருமை மட்டும் போகவில்லை. அது இன்னும் வட்டி வாங்கிக்கொண்டிருக்கிறது.

இப்போது நான் அந்த வீட்டுக்குப் போனால் நாற்காலி போடுகிறார்கள், ஃபேனை என் பக்கம் திருப்புகிறார்கள். "எங்க கொழுந்தன் மக, கவர்மென்ட் வேல" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் அறிமுகம் நடக்கிறது. எலும்பைச் சுருட்டிக்கொண்டு ஓடிய அதே பிள்ளைதான் நான். குணம் மாறவில்லை, நிறம் மாறவில்லை. சம்பளம் மட்டும்தான் வந்திருக்கிறது. பெரியம்மா மேல்கூட இப்போது அவ்வளவு கோபம் இல்லை, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். படித்து, வெளியூர் போய், சமத்துவம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிற நீங்கள் அதையே செய்கிறீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. உங்களில் சிலர் என் வீட்டில் சாப்பிட்டவர்கள்.

"அவ்வளவு பேசுகிறாயே, நீ எவ்வளவு கொடுத்தாய்?" என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். சொல்ல மாட்டேன். சொன்னால் நானும் பெரியம்மா ஆகிவிடுவேன்.

கடைசியாக ஒரு அறிவிப்பு. அந்த வசூலுக்கு என் பதிவைப் பார்த்துப் பணம் போட்டவர்களில் யாருக்காவது அந்தக் கேக் தொண்டையில் நிற்கிறது என்றால், உள்பெட்டியில் ஜிபே எண்ணையும் தொகையையும் அனுப்புங்கள். என் கையிலிருந்து திருப்பித் தருகிறேன், அந்த அக்காவிடம் போக வேண்டாம். ஐந்நூறு போட்ட ஒருவர் நிஜமாகவே கேட்டுவிட்டார். இன்று காலையிலேயே அனுப்பியாயிற்று.