கிழக்கு பெர்லினில் ஒரு விதிவிலக்கு
கிழக்கு ஜெர்மனியில் திருச்சபை மருத்துவமனைகள் அனைத்தும் அரசுடைமையாகிவிட்டன என்று இங்கே வெளியான கட்டுரையில் படித்தபோது மனம் ஒப்பவில்லை. கிழக்கு பெர்லினின் நடுவே, கிரோஸே ஹம்பர்கர் தெருவில் இருக்கும் புனித ஹெட்விக் மருத்துவமனையை எந்தக் கணக்கில் சேர்ப்பது? 1846-இல் போரோமியன் சபைக் கன்னியரைக் கொண்டு தொடங்கிய அந்தக் கத்தோலிக்க மருத்துவமனை, 1961-இல் பெர்லின் சுவர் எழுந்த பிறகும் அரசின் கைக்குப் போகவில்லை. இன்றும் கத்தோலிக்க நிறுவனம்தான் அதை நடத்துகிறது. நாஜிகள் காலத்தில் இத்தகைய திருச்சபை மருத்துவமனைகள் வாய்மூடிக் கிடந்தன என்று அந்தக் கட்டுரைக்கான பின்னூட்டத்தில் ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பல இடங்களில் அது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் இதே தெருவில் இருந்த யூத முதியோர் இல்லத்தை 1942-இல் நாஜிகளின் ரகசியக் காவல்துறையான கெஸ்டபோ தடுப்பு முகாமாக்கியது. அங்கிருந்துதான் பெர்லின் யூதர்கள் ஆயிரக்கணக்கில் நாடுகடத்தப்பட்டார்கள். அந்த நாட்களில் ஹெட்விக் மருத்துவமனையின் சமூகப் பணியாளர் மரியானே ஹாபிக் துன்புறுத்தப்பட்ட யூதர்களுக்கு உதவினார். பின்னர், நாஜிகளை எதிர்த்ததற்காக பெர்லினின் டேகல் சிறையில் கைவிலங்கோடு இருந்த இயேசு சபைக் குரு ஆல்ஃபிரட் டெல்ப் எழுதிய தாள்களைச் சலவைத் துணி மூட்டைக்குள் மறைத்து வெளியே கொண்டுவந்தவர்களில் அவரும் ஒருவர். 1945 பிப்ரவரி 2 அன்று டெல்ப் தூக்கிலிடப்பட்டார். அந்த எழுத்துகள் பிழைத்தன. ஹாபிக்கின் பெயரையும் கட்டுரையில் சேர்க்க வேண்டும்.