ஐ.பி. கொடுத்தவனும் ஐ.பி. ஆனவனும்

"ஐ.பி. ஆயிட்டேன் பெரியம்மா" என்று ஊரில் சொன்னபோது பதறிப்போய், "எத்தனை லட்சம் கண்ணு போச்சு?" என்று கேட்டார். எங்கள் கொங்குப் பக்கம் ஐ.பி. கொடுப்பது என்றாலே கடனைக் கட்ட முடியாமல் கோர்ட்டில் திவால் மனு போடுவது, மஞ்சள் நோட்டீஸ்தானே. திவாலான கம்பெனியைப் பொறுப்பேற்று நடத்துகிற இன்சால்வென்சி புரொஃபஷனல் நான் என்று விளக்குவதற்குள் காபி ஆறிவிட்டது.

2016 திவால் சட்டப்படி, கம்பெனி வழக்குகளை விசாரிக்கிற தீர்ப்பாயமான என்சிஎல்டியின் ஆர்டர் வந்த அன்றே டைரக்டர்களின் அதிகாரம் மொத்தமும் என் கைக்கு வந்துவிடும். கேட்க ஜோராக இருக்கும். போன வருஷம் ஒரு சின்ன நூற்பாலை. ஆர்டரோடு போனால் கேட்டில் பூட்டு. கரண்ட் எப்போதோ கட். கம்ப்யூட்டர் இருக்கிறது, உள்ளே ஹார்ட் டிஸ்க் இல்லை. கணக்கு எழுதுகிற டேலி டேட்டா கேட்டால், "அக்கவுண்டண்ட் லீவுங்க" என்கிறார் ஓனர். வாட்ச்மேன் மட்டும் இருந்தார். "மூணு மாசச் சம்பளம் வரலீங்க. இனி நீங்கதான் மொதலாளியாமே?" அவரும் போய்விட்டால் ராத்திரியோடு ராத்திரியாகக் காப்பர் ஒயர் காணாமல் போகும், பதில் சொல்ல வேண்டியவன் நான். அங்கேயே நின்று ஜிபேயில் எட்டாயிரம் போட்டேன்.

மூன்று நாளுக்குள் இங்கிலீஷ் பேப்பர் ஒன்றிலும் தமிழ்ப் பேப்பர் ஒன்றிலும், பாக்கி வர வேண்டியவர்கள் க்ளெய்ம் கொடுங்கள் என்று விளம்பரம் வர வேண்டும். அதுவும் கைக்காசு. கம்பெனி மேல் திவால் மனு போட்டவர்தான் ஆரம்பச் செலவைத் தர வேண்டும். அவரோ பஞ்சு கொடுத்துப் பணம் வராமல் நொந்துபோன வியாபாரி. "போனது பத்தாதுங்களா?" என்கிறார். நியாயம்தான். கடன் கொடுத்தவர்கள் கமிட்டியில் ஓட்டு பணம் கொடுத்த பாங்குக்கு, சரக்கு கொடுத்த அவருக்குக் கிடையாது. அந்த பாங்க் ஆபீசர் வீடியோ மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு, "ஹெட் ஆபீஸ் அப்ரூவல் வரணும் சார்" என்பார். ஆறு மீட்டிங்கிலும் அதே வரி. கமிட்டி ஒப்புக்கொண்ட செலவுதான் எனக்குத் திரும்பி வரும்.

ஐம்பது கோடி வரைக்கும் க்ளெய்ம் உள்ள கேஸுக்கு மாசம் ஒரு லட்சம் குறைந்தபட்ச ஃபீஸ் என்று 2022 அக்டோபரில் விதி அமலுக்கு வந்தது. பில் போடலாம், தடையில்லை. கம்பெனி கலைக்கப்பட்டால் சொத்து விற்ற பணத்தில் முதல் வரிசை எங்கள் செலவுக்குத்தான். விற்றால்தானே!

பெரிய கேஸ் எடுக்கிறவர்களுக்குப் பின்னால் டீம் இருக்கிறது. எனக்கு சி.ஏ. பயிற்சிக்கு வந்த ஒரு ஆர்ட்டிக்கிள் பையன், ஒரு பைக். இதற்கு நடுவில் ஓனர் என்மேல் புகார் எழுதிப் போட்டால் அதற்கும் உட்கார்ந்து பதில் எழுத வேண்டும்.

நான் கேட்பது ஒன்றுதான். மூன்று மாசச் செலவை, ஓட்டு வைத்திருக்கிற பாங்க் முதல் மீட்டிங்கிலேயே தனி அக்கவுண்டில் கட்டட்டும். கட்டிய பிறகு கணக்கு கேட்கட்டும், பைசா சுத்தமாகத் தருகிறேன்.

வாட்ச்மேன் இன்றைக்கும் கூப்பிட்டார். தேதி ஐந்து ஆகிவிட்டதாம்.