படத்தில் இருப்பது ஆறுமணிக்குருவி, கூண்டில் அடைக்காதீர்கள்

மதுரை கூடல்நகர் வீட்டு மாடியில் சோர்ந்து கிடந்த பறவையின் படத்துக்குக் கீழே, "இது ஆஸ்திரேலியப் பறவை, கடையிலிருந்து தப்பியிருக்கும், கூண்டில் வைத்து அரிசி போடுங்கள்" என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் அப்படிச் செய்தால் பறவை பிழைக்காது.

அது ஆறுமணிக்குருவி. பச்சை முதுகு, கண்ணோடு ஓடும் கறுப்புப் பட்டை, வாலடியில் சிவப்பு, கட்டை வால், சந்தேகமே வேண்டாம். நம் நாட்டுப் பறவைதான். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே வரும். இலங்கை வரைக்கும்கூடப் போகும். பயணம் இரவில் என்பதால் ஐப்பசி வாக்கில் களைத்துப்போய் ஊருக்குள் இறங்கிவிடுகிறது, சில சமயம் ஜன்னல் கண்ணாடியில் மோதியும் விழுகிறது. அவ்வளவு அரிதும் இல்லை. சருகுக்குள் ஒதுங்கித் திரிவதால் கண்ணில் படுவதுதான் குறைவு.

அரிசி அதற்கு உணவே இல்லை, தின்பது புழு பூச்சி. வாயில் தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில், இருட்டாக, பூனை அண்டாத இடத்தில் வையுங்கள். தெளிந்துவிட்டால் பொழுது சாயும்போது மரமும் சருகும் உள்ள பக்கம் விட்டுவிடலாம். இறக்கை தொங்கினால் உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். பிடித்து வளர்ப்பது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

அப்புறம், படம் போட்ட தம்பி, தேதியையும் இடத்தையும் மறக்காமல் இ-பேர்டில் (eBird, பார்த்த பறவைகளைப் பதியும் இணையதளம்) பதிவு செய்யுங்கள். இவை மதுரைப் பக்கம் எப்போது வந்து சேர்கின்றன என்பது அப்படித்தான் தெரியவரும்.